பூக்கூடையும் பேசும் பெட்டியும்

ஜனவரியில் லீவு முடிந்து லண்டனுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, என் மகள் வயிற்றுப் பேத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கட்டில் பக்கம் வந்தாள். "தாத்தா, படிப்பு வருஷக் கடைசியில எங்க காலேஜ்ல எக்ஸிபிஷன். எனக்கு ஒரு சுவர் குடுத்திருக்காங்க. எட்டுப் படம்தான் போட முடியும். பார்த்துச் சொல்லு" என்றாள்.

அங்கே புகைப்படக் கலையில் முதுகலை படிக்கிறாள். வங்கிக் கடன் பாதி, அவள் அம்மாவின் நகை பாதி. டிசம்பர் முழுக்க வீட்டில் தங்கவில்லை. விடிகாலையில் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் ஷிப்டுக்கு நிற்கும் பெண்கள், ஆவடி லோக்கலில் லேடீஸ் பெட்டி, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு அருகம்புல் சாறு குடிக்கும் பெரியவர்கள், பூந்தமல்லியில் பெருமாள் கோயில் வாசல் பூக்காரம்மா என்று ஒரு மாதத்தில் எண்ணூறு படத்துக்கு மேல் எடுத்திருந்தாள். அதிலிருந்து எட்டு.

எனக்கு எழுபத்திரண்டு வயது. பதினாறு வயதில், 1969-இல், அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பின்னால் அந்தக் கடையே என் கைக்கு வந்தது. ஆவடியில் டாங்கி பேக்டரி, துணி பேக்டரி, அம்பத்தூரில் எஸ்டேட் எல்லாம் அறுபதுகளில் வந்தவை. ஆள் எடுக்க எடுக்க அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டியிருந்தது. அந்தத் தலைகளால்தான் எங்கள் ஸ்டூடியோ சோறு சாப்பிட்டது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, சில வீடுகளில் சாவு. கலை என்ற சொல்லை நாங்கள் வாயில் போட்டுக்கொண்டதே இல்லை. போட்டோவில் கண் மூடியிருந்தால் காசு வராது. எங்களுக்குத் தெரிந்த விமர்சனம் அது ஒன்றுதான்.

போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இப்போதும் திரையில் சின்னதாகத் தெரிவது சரியாகப் பிடிபடுவதில்லை. அதனால் அவளிடம், "நீயே ஒவ்வொண்ணா சொல்லிட்டு வா. இடது மூலையில ஆரம்பிச்சு வலது மூலை வரைக்கும் சொல்லு" என்றேன்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. 1986-ஆம் வருஷம் அங்கே ஒரு குரூப் போட்டோ எடுக்கப் போனேன். பிரிண்ட் கொடுக்கப் போனபோது, பத்து வயசுப் பையன் ஒருவன் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்படி வந்திருக்கு?" என்று கேட்டான். "ரொம்ப நல்லா வந்திருக்குப்பா. எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கீங்க" என்றேன். அவன், "நான் சிரிக்கலையே" என்றான்.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லைதான். பக்கத்தில் இருந்தவனும் சிரிக்கவில்லை. பிறகு படியில் உட்கார்ந்து வரிசை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வரிசையில் மூன்றாவது பையனுக்குச் செருப்பு வார் அறுந்து தொங்குகிறது. வாத்தியார் பாக்கெட்டில் இரண்டு பேனா. பின்னால் கொடியில் யாரோ துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். துண்டைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அது யாருடைய துண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதினேழு வருஷமாக கேமரா பிடித்தவன் நான். படம் எடுத்தபோது அந்தத் துண்டு என் கண்ணில் படவே இல்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் ஒருமுறை வாயால் சொல்லிப் பார்க்காமல் டெலிவரி கொடுத்ததில்லை.

பேத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். எஸ்டேட் படம் நன்றாக இருந்தது. ஷிப்டு பஸ் வெளிச்சத்தில் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு மின்னல். ரயில் படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, சொன்னேன். ஐந்தாவது படம் பூக்காரம்மா.

"பூக்காரம்மா தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்காங்க. மடியில வாழைநார். கையில பாதி கட்டின மல்லி. முன்னால மூங்கில் கூடை, மேல ஈரத்துணி. பின்னால கோயில் சுவர், காவியும் வெள்ளையும்."

"கூடைக்கு இடது பக்கம்?"

"ஒண்ணும் இல்ல தாத்தா. தரைதான்."

"பெட்டி எங்கே?"

"எந்தப் பெட்டி?"

"ஜிபே பெட்டி. அவங்க கடையே அதுதானே?"

அந்த அம்மாவிடம் நான் வாரம் தவறாமல் பூ வாங்குகிறவன். கூடைக்கு இடது பக்கம், செங்கல் மேல், நீலத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. முகப்பில் கட்டம் கட்டமாக அந்த கியூஆர் கோடு. யாராவது பணம் போட்டால் 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று கணீரென்று சொல்லும். அது சொல்லும்வரை அந்த அம்மா பூப் பொட்டலத்தைக் கையை விட்டு விடமாட்டாள். பெட்டிக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்திருப்பாள்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை நகர்த்தி வைக்கச் சொன்னேன் தாத்தா. அந்த நீல கலர் கண்ணை உறுத்துச்சு. அது இல்லன்னா படம் எந்தக் காலத்துப் படம்னே தெரியாது. எங்க சார்களுக்கு அது பிடிக்கும்" என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். போன வருஷம் போனில் ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் எட்வர்ட் கர்டிஸ் என்று ஒரு போட்டோகிராபர். அந்த மண்ணின் பழங்குடி மக்களைப் படமெடுத்து, 1907 தொடங்கி 1930 வரை இருபது பெரிய தொகுதிகள் போட்டார். 1910-இல் பிகன் இனத்தவரின் கூடாரம் ஒன்றில் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருப்பதை எடுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு அலாரம் கடிகாரம் இருந்தது. அச்சில் வந்தபோது கடிகாரம் இல்லை. ரீடச் பண்ணி எடுத்துவிட்டார்கள். நெகட்டிவ் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அதில் கடிகாரம் இருக்கிறது. அழிந்துகொண்டிருக்கும் பழைய மனிதர்கள் என்று காட்ட வந்த புத்தகத்தில், அந்த மனிதர்கள் மணி பார்த்து எழுந்திருப்பார்கள் என்பது தெரியக்கூடாது.

எங்கள் தொழிலில் இருந்தவனுக்கு இது சட்டென்று உறைக்கும். அந்தக் கடிகாரத்தை எடுத்த கை எப்படி வேலை செய்திருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும்.

இந்தக் கர்டிஸுக்குப் பதில் சொன்னவர் நம் ஊரில் படித்தவர் என்றும் அவள் சொன்னாள். அன்னு பாலக்குன்னத்து மாத்யூ. இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவில் வளர்ந்து, சென்னை நுங்கம்பாக்கத்தில் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கணக்குப் படித்தவர். அமெரிக்கா போய் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1997-இல் புகைப்படத்தில் முதுகலை முடித்தார். பிறகு ரோட் ஐலண்டில் பேராசிரியர். அங்கே 'நான் இந்தியன்' என்று சொன்னால், எந்த இந்தியன் என்று இன்னொரு கேள்வி வரும். கொலம்பஸ் செய்த தப்பு, ஐந்நூறு வருஷம் ஆகியும் சரியாகவில்லை. 2001 வாக்கில் 'இந்தியாவிலிருந்து வந்த இந்தியர்' என்ற பொருளில் ஒரு வரிசை ஆரம்பித்தார். இடது பக்கம் பழைய பழங்குடிப் படம். வலது பக்கம் அதே மாதிரி உட்கார்ந்து, அதே பழுப்பு நிறத்தில், புடவையும் பொட்டுமாக அவரே. ஒன்றுக்கு 'இறகு இந்தியர், பொட்டு இந்தியர்' என்று பெயர். அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெளிநாட்டில் படித்த ஒருத்தர், தன்னை எப்படிப் பார்க்கிறார்களோ அந்தப் பார்வையையே எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார்.

இதைப் பற்றி என் பேத்தி மூவாயிரம் வார்த்தையில் கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அதற்கப்புறம்தான் பூந்தமல்லிக்கு வந்து பெட்டியை நகர்த்தச் சொல்லியிருக்கிறாள்.

அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. காரணத்தை அன்று ராத்திரிதான் முதல்முறை வீட்டில் ஒருவரிடம் சொன்னேன்.

1978 என்று நினைவு. சைக்கிள் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த ஒருவர் மகளை அழைத்து வந்தார். ஜாதகத்தோடு அனுப்ப போட்டோ. பெண்ணுக்குக் கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. நாட்டில் பெரியம்மை ஒழிந்ததென்று அறிவித்து அதிக காலம் ஆகவில்லை. தழும்போடு பெண்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். அவர் என்னைத் தனியாக அழைத்து, "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க தம்பி" என்றார். அந்த வார்த்தைக்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான்.

நெகட்டிவில் வெளிச்சமும் நிழலும் தலைகீழ். தழும்புக் குழியில் விழும் நிழல், நெகட்டிவில் வெறும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அந்த இடத்தில் மெல்லிய வார்னிஷ் தடவி, ஊசிபோலச் சீவின கெட்டிப் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். பென்சில் போட்ட இடம் பிரிண்டில் வெள்ளையாக வரும், குழி மறையும். மேஜையில் பால்கண்ணாடி, அடியில் விளக்கு, கண்ணில் லென்ஸ். அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்துக்கும் ஒரு ராத்திரி ஆனது. காலையில் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். சினிமா நடிகை மாதிரி இருந்தாள். எனக்கே பெருமையாக இருந்தது. முதலாளிகூடக் கூப்பிட்டு நாலு பேருக்குக் காட்டினார்.

காஞ்சிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் போய்விட்டார்கள். போட்டோவில் இருந்த பெண் எங்கே என்று கேட்டார்களாம். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். கூச்சல் போடவில்லை. போட்டோவைக் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டு, "அண்ணே, இது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லவேளையாக இரண்டாவது ஒரு நெகட்டிவ் கை வைக்காமல் இருந்தது. அதிலிருந்து மூன்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் படத்தால் கல்யாணம் நடந்ததா, எங்கே வாழ்க்கைப்பட்டாள், ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் திருநின்றவூர் பக்கம் வீடு மாறிப் போய்விட்டது.

அதற்காக நான் ரீடச்சை விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். தொழில் அது. முகப்பருவை எடுப்பேன், மூக்குத்தி பளிச்சென்று வரக் கொஞ்சம் பென்சில் வைப்பேன். ஆனால் எடுப்பதற்கு முன்னால், எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினேன். அப்பாவிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. முகம் யாருடையதோ அவரிடம். "இருக்கட்டும்ணே, அது என் மச்சம்தானே" என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

பேத்திக்கும் அதைத்தான் சொன்னேன். "லண்டன்ல உன் படத்தைப் பார்க்கிறவங்க யாரும் பூந்தமல்லிக்கு வந்து சரிபார்க்கப் போறதில்ல. நீ என்ன காட்டினாலும் அதுதான் அவங்களுக்கு ஊரு. பூக்காரம்மா இதுவரைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தாங்களா?"

பார்க்கவில்லை. எண்ணூறு படத்தில் ஒன்றைக்கூட, அதில் இருக்கும் ஒருவருக்கும் அவள் கொடுக்கவில்லை. இது எனக்குப் பெட்டி விஷயத்தைவிட அதிகம் வலித்தது. நாற்பது வருஷம் கடை நடத்தியதில் நான் கண்டது, படம் எடுக்கப்பட்டவன் கைக்குப் போய்ச் சேராதவரை அது பாதி வேலை. அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் ஸ்டூடியோவுக்கு ஊரில் என்ன பெயர் வரும்?

"நீங்க சொல்றது எங்க ஃபீல்ட்லயும் இருக்கு தாத்தா" என்று அவள் இன்னொருவரைச் சொன்னாள். மரியாதை வந்துவிட்டது பாருங்கள். கௌரி கில். டெல்லியில் படித்து, நியூயார்க்கில் பார்சன்ஸ், அப்புறம் ஸ்டான்போர்டில் 2002-இல் முதுகலை. அமெரிக்காவில் இருந்த வருஷங்களில் அங்கே வாழும் நம்மவர்களைத்தான் எடுத்தாராம்: ஓட்டல் நடத்துகிறவர்கள், கல்யாண வீடுகள், டாக்சிக்காரர்கள். 2003-இல் ராஜஸ்தானில் பிக்கானேர் மாவட்டத்தில் லூண்கரண்சர் என்ற ஊரில் பெண்பிள்ளைகளுக்கான மேளா நடந்தது. அங்கே கூடாரம் அடித்து ஒரு போட்டோ ஸ்டால் போட்டார். யார் வேண்டுமானாலும் வந்து, தனக்குப் பிடித்த மாதிரி நின்று, படம் எடுத்துக்கொண்டு, மலிவு விலையில் பிரிண்ட் வாங்கிக்கொள்ளலாம். அதே ராஜஸ்தான் வேலைக்காக 2023-இல் பெரிய சர்வதேசப் பரிசும் கிடைத்தது. இதைக் கேட்டதும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஸ்டான்போர்டு வரை போய்விட்டு வந்து அந்த அம்மா செய்தது, ஓ.டி.யில் நான் செய்த வேலைதான்! வித்தியாசம் என்ன, என் கடைக்குப் பின்னால் திரையில் எழுதின தாஜ்மகால் இருந்தது.

வெளிநாடு போய்த்தான் கண் திறக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. மதுரை பழனிகுமாரின் அம்மா மீன் விற்றவர். அந்த அம்மாவையும், மலக்குழி இறங்குகிறவர்களையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும் எடுத்தவர் அவர். 2022-இல் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரில், கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்யும் 'பாரி' அமைப்பு தொடங்கிய ஆவணப் புகைப்பட விருது முதலில் அவருக்குத்தான் போனது. அந்தத் தயாநிதா சிங்கும் அகமதாபாத்தில் படித்துவிட்டு நியூயார்க் போய்ப் படித்தவர்தான். போகிறவர்களும் போகாதவர்களும் எங்கேயோ ஒரு இடத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

நம் ஊருக்கும் போட்டோ படிப்பு புதுசு இல்லை. எழும்பூர் பக்கம் இருக்கும் கவின் கலைக் கல்லூரியை அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-இல் பள்ளியாக ஆரம்பித்தார். சில வருஷத்திலேயே அங்கே போட்டோ சொல்லிக்கொடுத்தார்கள். 2016-இல் சென்னை போட்டோ பியன்னாலே என்று ஒரு விழா தொடங்கியது; படங்களைப் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும்கூட மாட்டினார்கள். டிக்கெட் எடுக்க நிற்கிறவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. எனக்கு அது பிடித்த விஷயம். ஏசி ஹாலுக்குள் பூக்காரம்மா வரமாட்டாள். காவலாளி விடமாட்டான் என்று அவளுக்கே ஒரு எண்ணம்.

ராத்திரி ஒரு மணிக்குப் பேத்தி எழுந்து போனாள். காலையில், "விமானம் சாயங்காலம்தானே" என்று சொல்லிவிட்டு கேமராவோடு பூந்தமல்லி பஸ் ஏறினாள். பெட்டியோடு திரும்ப எடுத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு வியர்க்க விறுவிறுக்க வந்தாள். அவள் அம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

கண்காட்சி ஜூன் கடைசியில். அங்கே சாயங்காலம் ஆறு மணி, இங்கே ராத்திரி பத்தரை. வீடியோ காலில் சுவரைக் காட்டினாள். படத்தின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வரும்படி, தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் எட்டும் ஒரே கோட்டில். தொங்கவிட்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூக்காரம்மா படத்தின் முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் குனிந்து அந்த நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன என்று கேட்கிறார் என்றாள். அவள் விளக்கி முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். பூ விற்கிற அம்மாவும் அவள் பேங்க் கணக்கும் பற்றிய பேச்சு அங்கே இருபது நிமிஷம் ஓடியதாம்.

எட்டுப் படத்துக்கும் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு எனக்குக் கூரியரில் அனுப்பியிருந்தாள். கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. எஸ்டேட் பெண்களில் இரண்டு பேர் வேலை மாறிப் போய்விட்டார்கள். அந்தக் கவர்கள் இன்னும் என் மேஜையில்தான் இருக்கின்றன. பூந்தமல்லிக்கு வெள்ளிக்கிழமை காலையில் போனேன். பூக்காரம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பழசு சார். போன மாசம் வேற மாத்தித் தந்துட்டாங்க" என்றாள். அப்புறம் கூடையின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தச் சாமந்தி ரெண்டு வாடியிருக்கு பாருங்க. அன்னைக்கு லோடு லேட்டு. நான் வாடின பூ விக்கறவன்னு அந்த ஊர்ல நெனச்சுக்க மாட்டாங்களா? அதை மட்டும் அழிச்சுத் தரச் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். முகம் யாருடையதோ அவரிடம் கேள் என்று சொன்னவன் நான். பூ அவளுடையது. மணி காலை எட்டு. லண்டனில் நடுராத்திரி மூன்றரை. ஆனாலும் பேத்தி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனைப் பூக்கூடை மேல் வைத்தேன். "நீங்களே சொல்லுங்கம்மா."